பான்ஜோப் பாடகி அடித்த அடி

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் நான் கோப்பை கழுவிய மதுச்சாலைக்கு, முப்பது வருடமாகப் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக்குழு நடத்திய டேனிஷ் பாடகி ஒருவர் வருவார். நரைத்த பின்னல், கையில் பான்ஜோ என்ற தந்தி வாத்தியம். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் சப்பாத்துக் குதியால் மேடையை உதைப்பார்.

ஊரில் சண்டைக்குள் அகப்பட்டிருந்த என் மனைவிக்கு விசா இழுபட்ட காலம் அது; மதுச்சாலையில் எல்லோருக்கும் அது தெரியும். குடிவெறிக்காரன் ஒருவன் என் சட்டையைப் பிடித்து, "உன்ரை பெண்சாதி அங்கேயே சாகட்டும்" என்றான். நான் போத்தலை உடைத்து ஓங்கினேன். பாடகி பாட்டை விட்டுப் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீர் அடிச்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். என்னை எங்கை அனுப்பிறது?" என்று டேனிஷில் கேட்டார்.

பிறகு அவன் மூக்கில் குத்தினார். இரத்தம் கொட்டியது. கை வீங்கியதால் பான்ஜோ இல்லாமலே பாடி முடித்தார்.

நான் அவருக்குச் சூடான கோப்பி கொண்டுபோனபோது என் மனைவியின் பெயரைக் கேட்டார். சரியாக வரும்வரை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.