கருவாட்டுத் தண்ணீர் குடித்த கறிவேப்பிலை

முதலில் சொன்னது செருப்புதான். ஒருநாள் காலையில் அது காலுக்குள் போக மறுத்தது. மட்டமான செருப்பு, சுருங்கிவிட்டது என்று கடைக்காரரைத் திட்டினேன். கோயில் படியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியபோதுதான் குறை செருப்பில் இல்லை என்று புரிந்தது.

ஐ.சி.யூ.வில் கிடந்து எழுந்தேன். எக்கோ (இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் சோதனை) பார்த்த டாக்டரம்மா, இதயத்தின் பம்ப் பலவீனமாகிவிட்டது என்றார். டையூரிடிக் (உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் மாத்திரை) எழுதித் தந்தார்.

"உப்பை நல்லாக் குறைக்கணும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடவே கூடாது. திரும்ப நீர் கோத்துச்சுன்னா மறுபடி அட்மிட்தான்."

ஜன்னலுக்கு வெளியே தூத்துக்குடி உப்பளத்து மூட்டை ஏற்றிய லாரி போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

எங்கள் வீட்டில் சமையல் என் கணவர் மிக்கேலுடையது. மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் சமையல்காரராக இருந்தவர். கரையேறிய பிறகும் அடுப்பை என்னிடம் விடவில்லை. உப்பில்லாத குழம்பை முதல் நாள் ருசித்துவிட்டு, துக்க வீட்டில் இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

லேசான வேலை செய்யலாம் என்றதால் பின்வாசலில் தொட்டி வைத்தேன். நர்சரியில் ரோஜாவைத் தடவிப் பார்த்துவிட்டு, மனசைக் கட்டுப்படுத்திக்கொண்டு கறிவேப்பிலையும் மிளகாயும் வாங்கினேன். உப்பில்லாச் சோற்றுக்கு வாசமாவது வேண்டுமே. எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதனால் குழாயில் நல்ல தண்ணீர் வரும்போது பிடித்துவைத்து அதையே ஊற்றினேன். செடி துளிர்த்தது. என் கால் வீக்கமும் வடிந்தது.

பிறகு இரண்டும் ஒன்றாகக் கெட்டன. இலை ஓரங்கள் கருகின. செருப்பு மறுபடி அடம்பிடித்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். இதிலும் வடியாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிப் படுக்கைதான் என்றார்.

இதற்கிடையில் குழம்பு மட்டும் அபாரமாக இருந்தது. கருவாட்டு வாசம் வருகிறதே என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டிலிருந்து காற்றில் வருகிறது என்றார் மிக்கேல். நம்பினேன். நாக்கு நம்பச் சொன்னது.

ஒருநாள் காலையில் மண்ணைக் கிளறும்போது தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருந்தது. நாக்கில் வைத்தேன். தூத்துக்குடிக்காரிக்கு அதற்குமேல் லேப் எதற்கு?

"ஏங்க, இதுல என்னத்த ஊத்துதிய?"

"ஏளா, கருவாடு ஊற வச்ச தண்ணிதான். மீன் கழுவுன தண்ணி செடிக்கு நல்லதுல்லா?"

"எந்தக் கருவாடு?"

தலையைச் சொறிந்தார். "மூணு தண்ணி மாத்தி ஊற வச்சேன். உப்பு பூராவும் செடிக்குப் போயிட்டு. ஒனக்கு ருசி மட்டுந்தான். தோணில இப்படித்தான் செய்வோம்."

கத்த ஆரம்பித்தேன். மூச்சு வாங்கியதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

"நீ வெறுஞ்சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தா எனக்கு எறங்க மாட்டேங்குதுளா" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

டாக்டரம்மாவிடம் அவரையே கூட்டிப்போய்ச் சொல்லவைத்தேன். "எத்தனை தண்ணி மாத்தினாலும் உப்பு முழுசாப் போகாதுய்யா. அந்தச் செடிதான் காட்டிக்குடுத்து உங்க வீட்டம்மாவக் காப்பாத்திருக்கு" என்றார் டாக்டரம்மா. இதே நோயோடு இருப்பவர்களுக்கு என் ஒரே யோசனை: டாக்டரிடம் போகும்போது சமைப்பவரையும் கூட்டிப்போங்கள்.

தொட்டி நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி, அடி ஓட்டை வழியே உப்பை வடியவிட்டோம். எனக்கு அந்த வேலையை மாத்திரை செய்தது. மிளகாய் பிழைக்கவில்லை. கறிவேப்பிலை மொட்டையாக நின்று, பிறகு கணுவில் துளிர்த்தது. நான் மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்க நேரவில்லை.

இப்போது என் காலைப்பொழுது ஒரு விரலில் தொடங்குகிறது. மண்ணில் அழுத்துவேன். ஈரம் ஒட்டினால் செடிக்குத் தண்ணீர் வேண்டாம். விரலைத் துடைத்துவிட்டுக் கணுக்காலில் அழுத்துவேன். பள்ளம் விழுந்தால் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம்; அது மேலெழும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். நாளை, அடுத்த வருஷம் என்றெல்லாம் அப்போது யோசிப்பதில்லை. மிக்கேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

"ஏளா, குழி விழுதா?"

"இல்ல."

அதன்பிறகுதான் மூச்சு விடுவார். கறிவேப்பிலையில் ஒரு கொத்தைக் கிள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போவார். என்ன போடுகிறார் என்று பார்க்க நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போவேன். செருப்பு இப்போது சுலபமாகக் காலில் ஏறுகிறது.