நான்காவது வந்த அணி

எங்கள் வீட்டுக்குள் பேஸ்போலைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கொரியாவில் ஒரு கதவுத் தொழிற்சாலையில் நாலு வருடம் வேலை செய்து, விசா முடிந்து திரும்பியபோது ஒரு ரைஸ் குக்கரும் நீலத் தொப்பியும் கொண்டுவந்தார். கூடவே, எங்களில் எவருக்கும் விளங்காத ஒரு விளையாட்டின் மீது தீராத பற்றும் வந்து இறங்கியது. ரைஸ் குக்கரை அம்மா எடுத்துக்கொண்டார். தொப்பியை மாமா குளிக்கும்போது மட்டும் கழற்றினார். பேஸ்போல் என் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலை மேற்பார்வையாளர் இவர்களை மைதானத்துக்குக் கூட்டிப்போவாராம். பொரித்த கோழியும் பாட்டுமாகப் பொழுது போகுமாம். அப்படித்தான் அந்த ஊர் அணி மாமாவின் அணியானது. அது எப்போதும் ஐந்தாவது, ஆறாவது இடத்தில் கிடக்கும் அணி. எட்டு அணி இருக்கும்போது பார்த்து நல்லதாக ஒன்றைப் பிடித்திருக்கலாமே என்று அம்மா கேட்டார். அம்மா எதையும் மரக்கறி வாங்குவது போலத்தான் யோசிப்பார்.

நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தோம். மாமா திரும்பி வந்தபின் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலைக்குப் போனார். வேலை முடிந்து வர ஆறு மணியாகும். அதற்குள் கொமியூனிகேஷன் கடை சாத்திவிடும். அந்தக் கடையில்தான் எங்கள் பக்கத்தில் இணைய வசதியுள்ள கம்பியூட்டர் இருந்தது. கடைக்காரர் அக்குறணையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல நாங்களும் அவரை நானா என்போம். கடைக்கு மேல்மாடியில் எனக்குப் பின்னேர வகுப்பு. ஆகவே முடிவு பார்த்து வரும் வேலை என்னுடையதாயிற்று.

பக்கம் முழுதும் கொரிய எழுத்து. மாமா தன் அணியின் பெயரை ஒரு துண்டில் எழுதித் தந்து, கூரை போல ஒன்று, அதன் கீழே ஒரு முட்டை, பக்கத்தில் ஒரு தடி என்று அடையாளம் சொன்னார். அதை வைத்து அட்டவணையில் அணி எத்தனையாவது என்று கண்டுபிடித்து, முந்தைய நாள் வெற்றி தோல்வியைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வருவேன். பத்து வயதில் எனக்கு ஒரு பொறுப்பு கிடைத்தால் போதும். அதைச் சரியாகச் செய்தேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். இப்போதும் அப்படித்தான். மகனின் புத்தகப் பையை இரவில் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் திறந்து பார்க்கிறேன்.

அந்த லீக்கின் இறுதிச் சுற்று முறைதான் எங்கள் ஆண்களைப் பிரித்தது. முதல் நாலு அணிகள் இறுதிச் சுற்றுக்குப் போகும். நாலாவது அணி முதலில் மூன்றாவதுடன் ஆட வேண்டும். அதில் வென்றால் இரண்டாவதுடன். அதிலும் வென்றால்தான் முதலாவதுடன். முதலாவது வந்த அணி அதுவரை சும்மா உட்கார்ந்திருக்கும்.

அரை நாள் வேலையான சனிக்கிழமைகளில் அப்பாவும் மாமாவும் நானாவின் கடை வாசலில் நின்று இதையே பேசுவார்கள். மூவரில் இருவர் பேஸ்போல் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்தது கிடையாது. அது பேச்சுக்குத் தடையாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

"வருஷம் முழுக்க அடிச்சி மொதலாவது வந்தவன, நாலாவது வந்தவன் ஒரு வாரத்துல தோக்கடிச்சிட்டுக் கப்பத் தூக்கிட்டுப் போறதா? இதெல்லாம் ஞாயமா, செல்லுங்க தம்பி" என்பார் நானா.

"ஏறி வர்றதுக்குள்ள அவன் முதுகு ஒடிஞ்சிரும் நானா. சும்மாவா குடுக்கிறாங்க?" என்பார் மாமா.

அப்பா ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். சேவை மூப்புப் பட்டியலில் நம்பிக்கை உள்ளவர். முதலாவது என்றால் முதலாவதுதான், அதற்குப் பிறகு எதற்கு இன்னொரு பரீட்சை என்பது அவர் கட்சி. மாமா அதற்கு, அப்படியானால் ஐந்தாவது ஆறாவது வந்தவனெல்லாம் கடைசி மாதம் எதற்கு மைதானத்துக்கு வர வேண்டும், வீட்டில் படுத்துத் தூங்கலாமே என்பார். பேச்சு அதற்கு மேல் எந்த வாரமும் நகர்ந்ததில்லை.

நான் மனதுக்குள் அப்பா பக்கம். ஏனென்றால் வகுப்பில் நான்தான் முதலாவது.

அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை எழுதியிருந்தேன். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தால் கண்டியில் பெரிய பெண்கள் பாடசாலையில் இடம் கிடைக்கும். அப்பா அந்தப் பாடசாலை வாசலால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார், நான் பார்க்கிறேனா என்றும் பார்ப்பார். வீட்டில் ஒருவரும் என்னை நெருக்கவில்லை. நெருக்கியிருந்தால் நல்லதாக இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. யாரும் எதுவும் சொல்லாதபோது, சொல்லாமல் விட்டதையெல்லாம் நானே சொல்லிக்கொள்வேன். செப்டம்பர் பாதியில் எனக்குச் சோறு இறங்காமல் போனது. தட்டைப் பார்த்தாலே ஓங்கரிக்கும். அம்மா பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்.

அதே நாட்களில் மாமாவின் அணி எங்கிருந்தோ உயிர் பெற்று ஏறி வந்துகொண்டிருந்தது. ஆறாவதிலிருந்து ஐந்தாவது. நாலாவது இடத்துக்கு ஒரே ஒரு வெற்றி குறைவு. மாமா கலண்டரில் மிஞ்சிய ஆட்டங்களுக்கு வட்டம் போட்டு வைத்தார். அதே மாதத்தில் அவருக்கு வந்த இரண்டு பெண் சம்பந்தமும் தட்டிப்போயிருந்தன. இரண்டு வீட்டிலும் ஒரே காரணம்தான்: திரும்பி வந்தவருக்கு நிரந்தரத் தொழில் இல்லை. அம்மா குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று அழுததை நான் பார்த்தேன். மாமா அழவில்லை. அணி நாலாவது வந்தால் எல்லோருக்கும் பேக்கரியிலிருந்து ரோல்ஸ் என்று மட்டும் சொன்னார்.

கடைசி ஆட்டம் நடந்த மறுநாள், வகுப்பு முடிந்து கடைக்கு இறங்கினேன். கூரை, முட்டை, தடி. ஐந்தாவது வரியில் இருந்தது. அட்டவணையின் மேலிருந்து மறுபடி எண்ணிப் பார்த்தேன். பக்கத்தை மூடித் திறந்தும் பார்த்தேன். ஐந்தாவதுதான்.

வீட்டுக்குப் போனால், மாமா வழக்கத்துக்கு மாறாக நேரத்தோடு வந்திருந்தார். பட்டறை உடுப்பைக்கூட மாற்றாமல் கதிரையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தார். தொப்பி மடியில் இருந்தது. அந்தத் தலையைப் பார்த்ததும் என் வாய் தானாகவே பேசியது.

"நாலாவது மாமா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நல்லாப் பாத்தியா பாப்பா?" என்றார்.

மூன்று தடவை பார்த்தேன் என்றேன். அது மட்டும் உண்மை. மாமா எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு ரோல்ஸ் வாங்கப் போனார். அன்று நான் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன்.

பொய் அதோடு முடியும் என்று நினைத்திருந்தேன். நாலாவது வந்த அணி மூன்றாவதுடன் ஆட வேண்டும் என்பது மறுநாள் காலையில்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த இரண்டு வாரமும் கொரியாவின் பேஸ்போல் இறுதிச் சுற்று முழுவதையும் நான் தனியாக நடத்தினேன். பின்னேரம் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி யோசித்து, கொப்பியில் எழுதுவேன். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட்தான். ஆகவே ஓர் ஆட்டத்தை வெளிச்சம் போதாமல் நிறுத்தினேன். இன்னொன்றில் மாமாவின் அணியில் ஒருவர் ஐம்பது அடித்தார். அதைச் சொன்னபோது மாமாவுக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது.

"அம்பதா? பரவாயில்லயே" என்றார், இருமல் நின்றதும்.

ஒரு நாள் தோற்கடித்தும் பார்த்தேன், எப்போதும் வென்றால் சந்தேகம் வரும் என்பதற்காக. மூன்றாவது வந்த அணி வீட்டுக்குப் போனது. இரண்டாவது வந்த அணியுடன் ஆட்டம் தொடங்கியபோது அப்பா ஒரு பஸ் முந்தி வீட்டுக்கு வரத் தொடங்கினார். சாப்பாட்டு மேசையில் அம்மா சோறு போட, நான் ஆட்டத்தைச் சொல்ல, அப்பா இடையிடையே சந்தேகம் கேட்பார். யார் முதலில் அடித்தது, எத்தனை பேர் பார்க்க வந்தார்கள், மழை வருமா. பதில் சொல்லிக்கொண்டே தட்டை வழித்துவிடுவேன். நானாவின் கட்சியே மாறிப்போனது. முதலாவது வந்தவன் இத்தனை நாள் படுத்துக் கிடந்து உடம்பு மரத்துப்போயிருப்பான், நம்முடைய ஆட்கள் சூட்டோடு வருகிறார்கள், பாருங்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை பெரியவர்களை ஏமாற்றுகிறேனே என்று ஒவ்வொரு நாளும் சாமிப் படத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாள் ஆட்டத்தை யோசிப்பேன்.

இறுதி ஆட்டத்தில் அவர்களை வெல்ல வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். மாமாவுக்கு அந்த மாதத்தில் ஒரு வெற்றியாவது கிடைக்கட்டும்.

அந்த நாளில்தான் புலமைப்பரிசில் பெறுபேறு வந்தது. பாடசாலையில் பட்டியல் ஒட்டினார்கள். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. வகுப்பில் எட்டாவதாக வருகிறவளுக்குக் கிடைத்திருந்தது. டீச்சர் என் தலையைத் தடவிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

கால் பழகின இடத்துக்குத்தானே போகும். நானாவின் கடையில் போய் கம்பியூட்டரைப் போடாமலே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நானா கடையைச் சாத்த ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நேரமாகுது மகள், உம்மா தேடுவாங்க" என்று பாதை கடக்கும் வரைக்கும் கூடவே வந்தார்.

வீட்டில் மூவரும் இருந்தார்கள். அப்பாவும் மாமாவும்கூட. டீச்சர் போன் பண்ணியிருப்பார் என்று யோசிக்கும் அறிவு எனக்கு அப்போது இல்லை. பெறுபேற்றைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. மேசையில் ரோல்ஸ் இருந்தது. மாமாதான் கேட்டார்.

"பாப்பா, இன்னைக்கு மேட்ச் என்ன ஆச்சு?"

நான் வெல்ல வைக்க நினைத்திருந்த அணி.

"தோத்துட்டாங்க மாமா" என்றேன். "ரெண்டு ரன்ல."

போன வருடம் என் மகன் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோதுதான் அம்மா இதைப் பற்றி என்னிடம் பேசினார். வகுப்புத் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் இப்போதே புலமைப்பரிசில் வகுப்பு பற்றிப் பேசுகிறார்கள், சேர்ப்பதா விடுவதா என்று தெரியவில்லை, சேர்க்காவிட்டால் பின்னால் என்னைக் குறை சொல்வானோ என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒங்க மாமாவோட டீம் நாலாவது வரல, தெரியுமில்ல?" என்றார்.

எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும் என்பது தெரியாது.

கடைசி ஆட்டம் முடிந்த அன்றே கொரியாவிலிருந்து கூட்டாளி ஒருவர் மாமாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம். நான் கதிரையில் பார்த்த அந்தச் சாய்ந்த தலை, முடிவு தெரிந்த தலை. நான் நாலாவது என்றதும் முதலில் திருத்தத்தான் நினைத்தாராம். ஆனால் அன்று நான் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டதை அம்மா பார்த்திருந்தார்.

"பத்து நாளா ஒரு பிடி சோறு உள்ள போகல ஒனக்கு. அந்தக் கதைய சொல்றப்பதான் தட்டு காலியாகும். சரி, வெளயாடட்டும்னு விட்டுட்டோம்" என்றார் அம்மா. அப்பாவுக்கும் நானாவுக்கும் விஷயத்தைச் சொல்லிவைத்தது மாமா. அப்பா ஒரு பஸ் முந்தி வந்தது, அப்படி ஓர் ஆட்டமே நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான். நானா மட்டும் நாலைந்து நாளில் அது பொய் என்பதை மறந்துவிட்டாராம். மாமா திரும்பவும் ஒருமுறை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததாம்.

மாமா இப்போது நாவலப்பிட்டியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார், இரண்டு பிள்ளைகள். அவருக்குப் போன் பண்ணிக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை. வகுப்பில் சேர்ப்பதா விடுவதா என்பதையும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அவன் பகலுணவை முழுதும் சாப்பிட்டேன் என்று சொல்லும்போது மட்டும், டப்பாவை உடனே திறந்து பார்க்காமல் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்கிறேன்.

இரண்டு ரன்னில் தோற்றார்கள் என்று நான் சொன்ன அந்தப் பின்னேரத்தில், அம்மா ஒரு ரோல்ஸை எடுத்து என் கையில் தந்தார். பிறகு அப்பா தன் பழைய கட்சியையே எடுத்தார்.

"அந்த முறையே பிழை மாப்ள. வருஷம் முழுக்க வெளயாடினத, ஒரு நாள வச்சி எப்படிப் பாக்கிறது?"

குரல் ஏனோ சரியாக வரவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். மாமா எப்போதும் போல எதிர்த்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி மச்சான்" என்றார். "அந்த முறை பிழைதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை சனிக்கிழமை பேசிய பேச்சென்ன, ஏறி வந்தவனின் முதுகென்ன. தன்னுடைய அணி தோற்ற அன்றைக்கே இந்த மனிதர் கட்சி மாறிவிட்டாரே என்று, கையிலிருந்த ரோல்ஸை முடித்துவிட்டு, அந்த வாரம் முழுவதும் மாமாவுடன் பேசாமல் இருந்தேன்.