ஒன்பது பேரைத் தூக்கிய வியாழக்கிழமை

ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு ஃபுட்பால் கிளப்பின் உறுப்பினர்களுக்கு நான்கு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கம்பெனி கோயம்புத்தூரில். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. வீடு பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில். கிளப்பின் வெப்சைட்டில் வலது மூலையில் ஒரு சாட் பெட்டி இருக்கும். உறுப்பினர் அட்டை வரவில்லை, ஸீட்டை மாற்ற வேண்டும், மப்ளர் நூல் பிரிந்து வந்திருக்கிறது என்றெல்லாம் அதில் எழுதுவார்கள். நான் இங்கிருந்து இங்கிலீஷில் பதில் தட்டுவேன். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று சொல்லக்கூடாது. அங்கே எனக்கு வேறொரு பெயர்.

ஆட்டத்தைப் பற்றி எனக்கு அப்போது அதிகம் தெரியாது. நம் ஊர் ஃபுட்பால் இல்லை அது. பந்து முட்டை மாதிரி இருக்கும். காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், பிடித்தவனை விழுத்தாட்டலாம். கிரிக்கெட் கிரவுண்டு அளவு இடத்தில் முப்பத்தாறு பேர் ஓடுவார்கள். ஒரு வாரத்துக்கான டீமை வியாழக்கிழமை சாயங்காலம் அறிவிப்பார்கள். அவர்களுக்குச் சாயங்காலம் என்றால் எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

முந்தின சனிக்கிழமை எங்கள் டீம் கேவலமாகத் தோற்றிருந்தது. எப்போதிருந்து அது ‘எங்கள்’ டீம் ஆனதென்று எனக்கே தெரியாது. கோச்சுக்குக் கோபம். அந்த வியாழக்கிழமை இருபத்திமூன்று பேரில் ஒன்பது பேரைத் தூக்கிவிட்டு, யாரும் கேள்விப்படாத ஒன்பது பேரைப் போட்டார். கிளப்புக்காரர்கள் முன்யோசனையோடு ஃபேஸ்புக்கில் கமெண்டுகளை மூடிவைத்திருந்தார்கள். சாட் பெட்டியை மூட மறந்துபோனார்கள்.

ரசம் சோற்றில் கைவைக்கப் போனேன். கம்ப்யூட்டர் கிணிங் என்றது. பிறகு நிற்கவே இல்லை.

ஒரு தகப்பன் எழுதியிருந்தார்: “மகனுக்குப் பதினான்காம் நம்பர் பனியன் எடுத்துக் கொடுத்தேன். பதினான்கை நீக்கிவிட்டீர்கள். பனியனைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?” ஒரு அம்மாள், கோச்சினுடைய அம்மாவின் போன் நம்பரைக் கேட்டாள், அவளிடமே பேசிக்கொள்கிறாளாம். இன்னொருவர், “ஒன்பது பேரைத் தூக்கியது சரிதான், ஆனால் தப்பான ஒன்பது” என்றார். ஒருவர் ‘ஏன்’ என்று மட்டும் ஒன்பது தடவை அனுப்பினார், ஆளுக்கொரு ஏன்.

எங்களிடம் எல்லாவற்றுக்கும் தயாராக எழுதிவைத்த பதில்கள் உண்டு. இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தியது ஒன்றுதான்: “உங்கள் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்கிறோம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” அதையே எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு பெரியவர் மட்டும் விடவில்லை. எழுபத்தெட்டு வயது. சின்ன வயதிலிருந்து அந்த டீமுக்காகவே வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தவர். “வேறு உதவி வேண்டாம், இந்த உதவிதான் வேண்டும். என் ஆளை ஏன் நீக்கினீர்கள்?” என்று கேட்டார். அவருடைய ஆள், பின்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கும் வாட்டசாட்டமான ஒருவன். அவனைப் பயிற்சியின்போது வேலிக்கு வெளியே நின்று தானே எடுத்த வீடியோ ஒன்றையும் அனுப்பினார். “அவன் ஓட்டத்தைப் பார். எங்கே குறை, சொல்.”

எனக்கு என்ன தெரியும்? வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டு முழித்தேன்.

அந்நேரம் என் வீட்டுக்காரர் சந்தையிலிருந்து வந்தார். அவர் மாட்டுத் தரகர். செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சிச் சந்தையில்தான் இருப்பார். கைகால் கழுவிக்கொண்டு, சோற்றுத் தட்டோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“ஆரு அம்மணி இது?”

“எங்க டீம்ல ஆடறவருங்க. இவரத் தூக்கிப்போட்டாங்கன்னு ஒரு பெரியவர் சண்டைக்கு நிக்கறாருங்க.”

“மறுக்கா போடு.”

போட்டேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். கையில் பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது.

“எடது பின்னங்காலத் தாங்கறான்,” என்றார்.

“மனுசனுக்குப் பின்னங்கால் ஏதுங்க?”

“செரி, எடது கால்னே வெச்சுக்க. திரும்பறப்பப் பாரு, எடையப் பூராம் வலது காலுக்குத் தள்ளறான். தொடைக்குப் பின்னால புடிச்சிருக்குது. இவன ஆரு வாங்குவா?”

களைப்பா, பசியா தெரியவில்லை. அதை அப்படியே இங்கிலீஷில் தட்டிவிட்டேன். ‘ஆரு வாங்குவா’வை மட்டும் விட்டுவிட்டேன். பெரியவர் வீடியோவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தார் போல. பிறகு கேட்டார்: “இதைச் சொன்னது யார்?”

சொந்த விவரம் கொடுக்கக்கூடாது என்பது விதி. பொய்யும் சொல்லக்கூடாது. “நடையைப் பார்த்து உடம்பைச் சொல்கிற தொழிலில் இருபது வருட அனுபவம் உள்ள ஒருவர்,” என்று எழுதினேன்.

அதுதான் வினையாகிப்போனது. பெரியவர் அதை ரசிகர்களின் இணையக் குழுவில் போட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் அங்கே பேச்சு மாறிவிட்டது. கிளப்பில் ரகசியமாக ஒரு நடை நிபுணர் இருக்கிறாராம், அவர் சொல்லித்தான் ஒன்பது பேரையும் நீக்கினார்களாம். கோச்சைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திட்டை நிறுத்திவிட்டு, மீதி எட்டுப் பேரின் வீடியோக்களையும் எனக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். நிபுணரின் கருத்து வேண்டுமாம்.

நிபுணர் சாப்பிட்டு முடித்துப் பாயில் சாய்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உற்சாகமாக எழுந்து வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

“இது நல்ல உருப்படி. இத ஏன் கழிச்சாங்க? அடுத்தவனுக்கு நெஞ்சு அகலமாத்தான் இருக்குது, ஆனா மூச்சு வாங்கறான். இவனுக்கு வயசு என்னன்னு தெரியலயே. பல்லுல என்னமோ நீலமா மாட்டியிருக்கானே.”

“அடி படாம இருக்க மாட்டிக்கறதுங்க.”

“பல்ல மறைச்சுட்டு ஆரு வயசச் சொல்லுவா?”

எட்டில் இரண்டு பேரைப் பற்றி அவர் சொன்னதை நான் தட்டி அனுப்பினேன். மறைப்பானேன், எனக்கும் அதில் ஒரு சந்தோசம் வந்துவிட்டது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஊர் ஆட்கள் எனக்கு நன்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு டீம் லீடர் பெண் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள்.

“அக்கா, ஏனுங்க்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? டாக்டர் ரிப்போர்ட்டு வெளிய போயிருச்சுன்னு அங்க ஒரே ரகளை.”

“எந்த ரிப்போர்ட்டு?”

“அந்தத் தடுக்கறவர் இருக்காருல்ல, அவருக்கு எடது தொடையில பின்னால தசைப்பிடிப்பாம். கோச்சுக்கும் டாக்டருக்கும் மட்டுந்தான் தெரியுமாம். எதிர் டீமுக்குத் தெரியக்கூடாதுன்னு மூடி வெச்சிருந்தாங்களாம். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறாங்க.”

இந்தச் சம்பளத்தில்தான் மகள் கல்லூரிக்குப் போகிறாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேறொன்றில் நின்றுவிட்டார்.

“நாஞ் சொன்னது சரியாப் போச்சல்ல?”

மறுநாள் காலை ஏழு மணிக்கு வீடியோ மீட்டிங். அந்தப் பக்கம் கிளப் அதிகாரி ஒரு அம்மாள், கூடவே கிளப் டாக்டர். இந்தப் பக்கம் நானும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இவரும். டீம் லீடர் தனியாக ஒரு கட்டத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட்டை யார் கொடுத்தார்கள் என்று அந்த அம்மாள் கேட்டாள். இவரிடம் தமிழில் சொன்னேன்.

“ரிப்போர்ட்டு எதுக்குங்க? கண்ணு இருக்குதுங்களே,” என்றார்.

அவர் என்ன படித்திருக்கிறார் என்று டாக்டர் கேட்டார். மாடு பார்க்கிறவர் என்று சொன்னேன். அந்த அம்மாள் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டாள். மாடு, என்றேன். பெரும்பாலும் காளை, என்று இவர் திருத்தச் சொன்னார். அதையும் சொன்னேன்.

டாக்டருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. விருட்டென்று எழுந்தார். கேமரா முன்னால் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார், திரும்ப வந்தார். “எங்கே, சொல்லச் சொல்லுங்கள்,” என்றார்.

இவர் முகத்தைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “வலது இடுப்புங்க. பழைய அடி. ஒக்காந்து எந்திரிக்கறப்ப முதல் ரெண்டு எட்டு மட்டும் வலிக்குங்க. அப்பறஞ் செரியாப் போயிரும்.”

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு அவர்கள் பக்கத்து கேமராவும் மைக்கும் அணைந்தன. ஐந்து நிமிடம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீம் லீடர், “அக்கா, வேல போயிருச்சுன்னே நெனக்கறேன்,” என்றாள்.

போகவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதோடு எங்கள் விதிமுறைகளில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: ஊழியர்களோ அவர்களது குடும்பத்தாரோ ஆட்டக்காரர்களின் உடல்நிலை பற்றி அபிப்பிராயம் சொல்லக்கூடாது. குடும்பத்தார் என்ற வார்த்தையை அவரிடம் காட்டினேன். அதைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். சந்தையில் காட்ட.

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஆட்டம். இவரும் இரண்டு தரகர்களும் எங்கள் வீட்டு டிவி முன்னால். ஒன்பது புதுமுகங்களோடு இறங்கிய டீம், முதல் பாதியில் அடி வாங்கி, கடைசியில் எப்படியோ ஜெயித்தது. கோச்சின் அம்மா நம்பரைக் கேட்டவள், கோச்சுக்குத் தன் வாழ்த்தைச் சொல்லும்படி எனக்கு எழுதினாள்.

பெரியவரும் எழுதினார். “ஜெயித்தது நல்லதுதான். ஆனால் அவன் இல்லாமல் ஜெயித்துவிட்டார்களே. இனி அவனை யார் தேடுவார்கள்? எப்போது திரும்பி வருவான் என்று உங்கள் ஆளிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?”

விதி எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. இருந்தாலும் அந்தக் கிழவரை நினைத்தால் மனசு கேட்கவில்லை. தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

“மூணு வாரம் சும்மா மேயவிடச் சொல்லு,” என்றார்.

“மூன்று வாரம் ஓய்வு என்று கேள்வி,” என்று மட்டும் எழுதினேன். பெரியவர் மூன்று வாரத்தையும் நாள் விடாமல் எண்ணியிருப்பார் போல. ஆனால் அவன் ஆட வந்தது ஐந்தாவது வாரம்தான்.

உங்கள் கணக்கு ஏன் தப்பிப்போனதென்று இவரிடம் கேட்டேன்.

“அங்க என்ன தீவனம் போடறாங்களோ, ஆரு கண்டா,” என்றார்.