பப்பில் நடந்த வளைகாப்பு

எண்பதுகளின் நடுவில் நியூஜெர்சியில் ஒரு பப்பின் மாடியில் குடியிருந்தோம். கணவரின் ஆபீஸ் நடக்கிற தூரம் என்பதால் எடுத்த வீடு. சாயங்காலமானால் கீழிருந்து சிரிப்புச் சத்தம் படியேறி வரும். நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. பப்பை நடத்திய அயர்லாந்துக்கார அம்மாவுக்கு வாசலில் ஒரு ஹலோ சொல்வதோடு சரி.

எனக்கு ஏழாம் மாதம். ஊரிலிருந்து அம்மாவால் வர முடியவில்லை. பக்கத்து ஊர் டாக்டர் ஆன்ட்டி, "நாங்க எதுக்கு இருக்கோம்? உன் அபார்ட்மென்ட்லயே ஜம்முனு வளைகாப்பு பண்ணிடலாம்" என்று கண்ணாடி வளையல்களோடும் கலந்த சாதங்களோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினார். பின்னாலேயே பட்டுப்புடவைக்கு மேல் தடித்தடியான கோட்டுகளோடு பெண்கள்.

என்னை மாலை போட்டு உட்காரவைத்த நேரத்தில், சமையலறைக் குழாய் குளிரில் வெடித்தது. தண்ணீர் ஹாலுக்கு ஓடி வந்தது. கீழேயும் ஒழுகியிருக்க வேண்டும். அயர்லாந்துக்கார அம்மா மூச்சு வாங்க ஓடி வந்து வால்வை மூடினார். பிறகுதான் என் மாலையையும் வயிற்றையும், புடவையைத் தூக்கிப் பிடித்து நின்ற பெண்களையும் பார்த்தார். கடை திறக்க இன்னும் நேரமிருக்கிறது, எல்லாவற்றையும் கீழே கொண்டுவாருங்கள் என்றார்.

எல்லாரும் ஆன்ட்டியைப் பார்த்தோம். பழச்சாறு லேசாகப் புளித்தாலே கொட்டிவிடுகிறவர் அவர்.

"பப்லயா?" என்றார். ஈரத் தரையை ஒருமுறை பார்த்தார். "சரி. ஆனா ஒரு பாட்டில்கூட கண்ல படக்கூடாது. பெட்ஷீட்ட எடுங்கடி!"

என் பூப்போட்ட பெட்ஷீட்டுகள் பாட்டில் அலமாரியை மறைத்தன. மூலையிலிருந்த பெரிய மர நாற்காலியில் எனக்குச் சந்தனம் பூசி, ஒவ்வொருவராக வளையல் அடுக்கினார்கள். பாட்டு ஆரம்பித்தது. நேரம் போனதே தெரியவில்லை.

கதவு திறந்தது. வழக்கமாக வரும் மூன்று கிழவர்கள். பாட்டில்கள் இருந்த இடத்தில் பூப்போட்ட திரை, முன்னால் புளியோதரை. திகைத்து நின்றவர்கள், மெல்லத் தொப்பியைக் கழற்றி, சர்ச்சுக்குள் நுழைவதுபோல வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள்.

"பாவம், பசியோட வந்திருப்பாங்க" என்று ஆன்ட்டியே பேப்பர் தட்டில் பரிமாறினார். மோர்மிளகாயைக் கடித்த ஒருவர் கண்ணில் நீர் வழிய, பீர் கிடைக்குமா என்று ஜாடை காட்டினார். கடைக்கார அம்மா ஆன்ட்டியைப் பார்த்தார்.

"பெட்ஷீட்ட ஓரமா மட்டும் தூக்கி எடுத்துக்கச் சொல்லு" என்றார் ஆன்ட்டி. பப்பே சிரித்தது.

பிறகு ஆன்ட்டி கடைக்கார அம்மாவின் கையில் இரண்டு வளையல்களைக் கொடுத்தார். "நாலு பெத்தவங்க. அவங்களும் போடட்டும்." உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து என் கையில் ஏற்றினார் அவர். தன் முதல் பிரசவத்தில் தன் அம்மாவும் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார் என்று சொன்னார். ஆன்ட்டி அவர் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நானும் கீழே போய் உட்கார ஆரம்பித்தேன். ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சி சோடாவைக் குடித்துக்கொண்டு அந்தக் கிழவர்களின் வம்பையெல்லாம் கேட்பேன்.

மகள் பிறந்த அன்று ஊருக்கு லைன் கிடைக்கவில்லை. என் கணவர் முதலில் போன் செய்தது பப்புக்குத்தான்.

"பொண்ணுன்னுதான் சொன்னேன்" என்று சிரித்தபடி அறைக்குள் வந்தார். "அவங்க போட்ட சத்தத்துல அப்புறம் எனக்கு ஒண்ணுமே கேக்கல."