வேட்டியில் விழுந்த முகம்

மம்பாவில் புருஷன் வீட்டில் என் தங்கச்சிக்கு நடந்த வளைகாப்பில் அம்மாவும்தான் இருந்தாள். ஆனால் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. இனிப்பு நீர் வியாதி அவள் பார்வையில் பாதிக்கு மேல் தின்றிருந்தது. அப்பா செத்து விதவையானவள் என்பதால் வளையல் போடவும் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டாள். கூடத்தின் கடைசியில் சுவரோடு சுவராக நின்றாள். அடுத்த மாதமே தங்கச்சி வலிப்பு வந்து போய்ச் சேர்ந்தாள். வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "புருசன் வீட்டுல நல்லா இருந்தாளாடா?" சோறு தண்ணி சரியாகக் கொடுக்கவில்லை என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. "மொகத்தப் பாத்தா தெரிஞ்சிரும். எத்தன புள்ளத்தாச்சியப் பாத்திருப்பேன்!" என்பாள். பல வருஷம் ரப்பர் தோட்டத்து மருத்துவச்சிக்குக் கைத்துணையாகப் போனவள். வளைகாப்பை வீடியோ எடுத்திருந்தார்கள். ஆனால் டிவியில் போட்டால் அவளுக்கு வெறும் வெளிச்சம்தான் தெரியும். மிச்சப் பார்வையும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் வேறு சொல்லித் தொலைத்தார்.

நான் லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் வயர்மேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டலாம் என்று பலகைப் பெட்டி ஒன்று அடித்தேன். உள்ளே ஒரு சின்ன டிவி, முன்னால் பழைய சாமான் கடையில் கிடைத்த பெரிய பூதக்கண்ணாடி. கண்ணாடி படத்தைத் தலைகீழாக்கும் என்பதால் டிவியைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் இடது வலதாகிவிடும். அதற்கு உள்ளே வயரை மாற்றிக் கட்ட வேண்டும். சனியன் பிடித்த வேலை. ஷாக் அடித்துக் கை மரத்துப் போனதுதான் மிச்சம் என்று நினைத்தேன், ஆனால் படம் வந்தது.

ஒரு மழை நாள் மத்தியானம் ஜன்னலைச் சாக்கால் அடைத்து, அப்பாவின் வேட்டியைத் திரையாக உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். கேசட்டைத் தங்கச்சி புருஷனே கொண்டுவந்தார். பெட்டியை பெஞ்சில் வைத்து, படம் மேலே ஏற முன்பக்கம் செங்கல் முட்டுக் கொடுத்தேன்.

தங்கச்சி வேட்டியில் வந்தாள். நெற்றி அகன்று, தாடை குறுகி, யாரோ போல் இருந்தாள்.

"ஐயோ, கன்னம் ஒட்டிப் போச்சே என் தங்கத்துக்கு!" என்று அம்மா அலறினாள். மாப்பிள்ளையிடம் அவள் நேராகப் பேசுவதில்லை. என் பக்கமே திரும்பி, "சோறு போட்டாங்களான்னு கேளுடா அவர," என்றாள்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "மச்சான், சத்தியமா நல்லாத்தான் பாத்துக்கிட்டோம்லா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சும்மா இரும்மா! படம்தான் கோணலு. பெட்டி கீழ இருந்து அண்ணாந்து பாக்குது. மேல போற வெளிச்சம் தூரமாப் போயி விரியுது, கீழ குறுகுது."

பெட்டியை வேட்டி உயரத்துக்குத் தூக்கி வைக்க லயத்து வீட்டில் மேசையா இருக்கிறது? வேட்டியைத்தான் சாய்க்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு முக்காலியில் ஏறி, மேல் முனைகளை அவிழ்த்து எங்கள் பக்கம் இருந்த அடுத்த உத்தரத்தில் கட்டினார். கீழ் முனைகளை நான் சுவர் ஆணியில் இழுத்துக் கட்டினேன். படத்தில் தங்கச்சிக்குப் பின்னால் ஒரு கதவு நிலை தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் நேராக நிற்கும்வரை இழுப்பதும் தளர்த்துவதுமாக இருந்தோம்.

கதவு நிமிர்ந்தது. முகமும் சரியானது. உருண்டையான, நிறைந்த முகம்.

"இப்பப் பாரு!" என்றேன். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து விசும்பினார். பாவம், அவரும் அதற்காகத்தான் வந்திருந்தார்.

அம்மா எழுந்து வேட்டிக்கு அருகே போனாள். படத்தில் ஒரு பெண் வளையலை மாட்டப் பார்க்கிறாள், கைக்குள் நுழையவில்லை. யாரோ சோப்பு கொண்டுவருகிறார்கள். "பொண்ணு எப்படிப் பூரிச்சுப் போயிருக்கா!" என்று எல்லாரும் சிரிக்கிறார்கள்.

"நிறுத்துடா," என்றாள் அம்மா. படத்தை அப்படியே உறைய வைத்தேன்.

மகளின் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். வளையல்கள் அவளுடைய வெறுங்கைமேல் விழுந்தன.

"இது சதை இல்லடா. நீரு. கை, மொகம் எல்லாம் நீரு. இப்படி ஊதுனா அப்புறம் வலிப்புதான். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணும்."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். முதல் முறையாக அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சோறு நல்லாத்தான் போட்டிருக்கீங்க, தம்பி," என்றாள். கை இன்னும் வேட்டியில்தான் இருந்தது. "ஒரே ஒரு வளையல் நான் போட்டிருந்தா இந்தக் கையத் தொட்டிருப்பேனே. கண்ணு எதுக்கு? தொட்டாலே தெரிஞ்சிருக்குமே எனக்கு."