பேசாத அறைக்கு மருந்து இல்லை

தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவனைக் கல்யாணத்துக்கு அழைக்க மறப்பார்கள். பஞ்சாயத்துக்கு அழைக்க மறக்க மாட்டார்கள். ஆனைக்குட்டம் போகும் வழியில் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி, குறைதீர் குழுவுக்கு வெளியாள் ஒருவர் வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டிருந்தார். குழுவுக்கு மேசை இருந்தது, மின்விசிறி இருந்தது, குறைதான் வந்ததில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒருநாள் காலையில் அதுவும் வந்தது. ஓர் அறைக்கு வெடிமருந்து கொடுக்கப் போர்மேன் மறுக்கிறாராம்.

போய்ப் பார்த்தேன். மருந்து அடைக்கும் அறை காலியாகக் கிடந்தது. அங்கே வேலை செய்யும் நான்கு பெண்களும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இருவர் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி.

"இந்த ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டேங்காக சார். பேசாத ரூமுக்கு நான் மருந்து குடுக்கிறதில்ல" என்றார் போர்மேன்.

தினமும் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று காது கொடுப்பாராம். உள்ளே பேச்சுச் சத்தம் இருந்தால்தான் மருந்து. ஏதாவது புகைந்தால் ஒருத்தி 'ஓடு' என்று கத்த வேண்டும், மற்றவள் யோசிக்காமல் ஓட வேண்டும். பேச்சை முறித்துக்கொண்டவர்கள் தயங்கிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. நான் படித்த விதிகளில் கதவின் அகலம் உண்டு, தரையில் விரிக்கும் ரப்பர் விரிப்பு உண்டு. பேச்சு கிடையாது. ஆனால் எனக்கு வேறொன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அப்படி என்னதான் சண்டை?

முறைப்படி தனித்தனியாக விசாரித்தேன்.

"எங்களுக்குள்ள என்ன இருக்கு? ஒண்ணுமில்ல சார்" என்றார், பல வருடமாக அங்கே இருக்கும் மூத்தவர்.

திருத்தங்கலில் இருந்து வரும் இளையவர் இந்த சீசனில்தான் சேர்ந்தவர். "அவுக வேலைய அவுக பாக்காக, என் வேலைய நான் பாக்கேன்" என்றார்.

புகாரே இல்லாத தகராறு. விதிப்படி நான் வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கலாம். இருந்தாலும், ஒருவரை வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன்.

"எல்லா ரூமும் நாலு நாலு பேரா நெறஞ்சு கெடக்கு. ஆள மாத்திப் போட்டா அந்த ரூமுலயும் பேச்சு நின்னு போகும். அஞ்சாவது ஆள உக்கார வச்சா நீங்களே என்னைய விடமாட்டீகளே" என்றார் போர்மேன்.

உண்மைதான், விடமாட்டேன். அப்படியானால் கடைசியாகச் சேர்ந்தவரை நிறுத்துவதுதான் நடைமுறை. இருவரையும் வைத்துக்கொண்டே அதைச் சொன்னேன். இளையவர் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். இந்த நேரத்தில் வேறு எந்தக் கம்பெனியும் புது ஆள் எடுக்காது. அனுப்பினால் தீபாவளி வரை வீடுதான்.

"அவள எதுக்கு சார் நிப்பாட்டணும்?" என்றார் மூத்தவர்.

"அத சார்கிட்ட சொல்லாத, அவகிட்டச் சொல்லு" என்றார் போர்மேன்.

மூத்தவர் திரும்பினார். "கூறுகெட்டவளே, மருந்து ரூமுக்குள்ள கொண்டைல இரும்பு ஊசியக் குத்திக்கிட்டு வந்தா, போர்மேன்கிட்டச் சொல்லாம உன்னைய ஆரத்தி எடுக்கவா செய்வாக?"

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேன்ல மதினி? அம்புட்டுப் பேர் முன்னாடியும் தலைய அவுத்துக் காட்ட வச்சீகளே."

"சொல்லாமலா இருந்தேன்? ரெண்டு தடவ சொன்னேன். உன் காதுல செல்லு இருந்துச்சு."

"வேன்ல வச்சுச் சொன்னா எவளுக்குக் கேக்கும்? உங்களுக்கு வாய் மட்டும் எம்புட்டு நீளம்."

ஆக, ஒரு கொண்டை ஊசி. இரும்பு உரசினால் பொறி பறக்கும்; விதிகளில் அதுவும் உண்டு. முதலில் யார் மன்னிப்புக் கேட்பது என்று வரிசைப்படுத்த நான் வாயைத் திறப்பதற்குள் போர்மேன் கிளம்பிவிட்டார்.

"எங்கே போறீங்க? இன்னும் சமாதானம் ஆகலையே."

"மருந்து எடுத்தாரப் போறேன் சார். பேசுதாகல்லா."

"திட்டிக்கிட்டுல்ல இருக்காங்க?"

"அது அவுக பாடு."

நால்வரும் அறைக்குள் போனார்கள். வெளியே நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். சண்டை கொண்டை ஊசியை விட்டு, வேனில் யார் ஜன்னலோரம் உட்காருவது என்பதற்கு வந்திருந்தது. இளையவரின் குரல்தான் ஓங்கியிருந்தது.