எட்டுப் பல்பும் ஒரு தொட்டி வெந்நீரும்

என் மாமாவுக்குக் கல்யாணம் நடக்க வேண்டுமானால் எட்டுப் பல்புகள் எரிய வேண்டும் என்று ஆகிப்போனது.

மாமா அம்மாவுக்குத் தம்பி. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு அரிசி மில்லில் என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவர், மில்காரர் கழித்துப்போட்ட பழைய ஆயில் என்ஜினையும் ஒரு டைனமோவையும் வாங்கிக்கொண்டு மலைக்கே திரும்பிவிட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் மலைக்கு ரோடு ஏது? என்ஜினைப் பிரித்து, மூங்கில் கழிகளில் கட்டி, முப்பது பேர் தூக்கி வந்தார்கள். பெரிய சக்கரம் வந்து சேர மட்டும் நான்கு நாள். ஊரே வேலைவெட்டியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. நான் சோறு தின்னக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. ஆடிப் பதினெட்டுக்கு வளப்பூர் நாட்டுக் கோயிலுக்கு நடந்து ஏறிவரும் ஜனங்களுக்காக மாமா ஒரு ஓட்டல் கட்டினார். கட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மண்சுவர், புல்கூரை, வரிசையாக எட்டு அறை, அவ்வளவுதான். ஆனால் அந்த எட்டு அறையிலும் கரண்டு விளக்கு எரியும், ஆடிச் சாரலில் பல் கிட்டி வருகிறவர்களுக்கு வெந்நீரும் கிடைக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

“என்ஜின் ஓடுனாச் சூடாகும். தண்ணி உட்டுத்தான் அதைக் குளுர வெக்கோணும். மில்லுல அந்தச் சுடுதண்ணி பூராம் சாக்கடையில போச்சு. பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சுது. இங்க ஒரே என்ஜின், ரெண்டு வேலை!” என்பார். அந்த ஒரே என்ஜின் நின்றால் ரெண்டு வேலையும் சேர்ந்து நின்றுவிடும் என்று அம்மா முணுமுணுப்பாள்.

தேவனூர் நாட்டில் மாமாவுக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா பிடி கொடுக்கவில்லை. கடைசியில், “ஆடிப் பதினெட்டன்னைக்கு அந்திப் பூசை மணி அடிக்கிற வரைக்கும் உம்பட வெளக்கு அணையாம எரியட்டுமுங்க. பொண்ணக் குடுக்கறேன்” என்றார். நல்ல காரியம் பேசும்போது விளக்கு அணைந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த நாளும் வந்தது. எனக்கு மாமா கொடுத்த வேலை தண்ணீர்த்தொட்டிக் காவல். என்ஜினுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தொட்டி. அதில் செம்மண்ணால் ஒரு கோடு. குளிப்பதற்கு ஒரு குடம் வெந்நீர் எடுத்தால், ஓடைத்தண்ணீர் ஒரு குடம் ஊற்றிவிட வேண்டும். தண்ணீர் கோட்டுக்குக் கீழே போகக்கூடாது. எட்டு வயசில் இத்தனை பெரிய உத்தியோகம் கிடைத்தால் யாருக்குத்தான் தலை கனக்காது? கையில் ஒரு குச்சியோடு நின்று, வருகிறவர்களை எல்லாம் அதட்டினேன்.

பொழுது சாய்ந்ததும் மாமா சக்கரத்தைச் சுற்றினார். டக்கு, டக்கு என்று இருமி, பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. முன்பக்கம் ஜனங்கள் ‘ஓ’வென்று கத்தினார்கள். விளக்கு எரிந்துவிட்டது! நானோ சுவருக்குப் பின்னால் நிற்கிறேன். ஒரு மண்ணும் தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது.

தொட்டித் தண்ணீர் நன்றாகச் சூடேறியபோது தேவனூர் அக்கா, மாமாவுக்குப் பேசியிருந்த பெண், குளிக்கக் குடத்தோடு வந்தாள். தலை நிறையக் கனகாம்பரம். அவளிடம் என்ஜினைப் பற்றி ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“கோட்டுக்குக் கீழ போனா என்னாகும் கண்ணு?”

“என்ஜின் கொதிச்சு நின்னுக்குமுங்கக்கா. வெளக்கும் போயிருமுங்க.”

“ஓஹோ” என்றாள். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தாள். “நீ இன்னும் வெளக்கே பாக்கலையா சாமி? போய்ப் பாத்துட்டு வா. ஒரு குடம் எடுத்தா ஒரு குடம் நான் ஊத்தறேன்.”

குச்சியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பறந்தேன்.

அடேயப்பா! எட்டு அறையிலும் எட்டுச் சின்னச் சூரியன். ஒருவர் பல்பைக் கும்பிட்டார். இன்னொருவர் எக்கி நின்று அதில் பீடி பற்றவைக்கப் பார்த்தார். நான் அறை அறையாக ஓடினேன், குதித்தேன், கத்தினேன். பெண்ணின் அப்பா, தேவனூர்க்காரர், அண்ணாந்து பார்த்துக்கொண்டே, “பரவாயில்லீங்க மாப்பிள்ளை” என்றார். மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார்! கன்னத்தில் எண்ணெய்க் கறையோடு நின்ற மாமாவுக்கு வாயெல்லாம் பல். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திடீரென்று என்ஜின் சத்தம் கரகரத்தது. பல்புகள் சிவந்தன, மங்கின, அணைந்தன. அதற்குப் பிறகுதான் கோயிலில் அந்திப் பூசை மணி கணகணவென்று அடித்தது.

மாமா பின்பக்கம் ஓடினார். அம்மா அரிக்கேன் விளக்கோடு ஓடினாள். ஒரே ஆவி. தொட்டியில் தண்ணீர் கோட்டுக்கு இரண்டு சாண் கீழே கிடந்தது. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். மாமா என் பக்கம் திரும்புவதற்குள் குளிப்பதற்காகக் கட்டிய ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து அக்கா வெளியே வந்தாள்.

“என்ர தப்புங்க. குளுருக்கு எதமா இருந்துச்சா, ஊத்திக்கிட்டே இருந்துட்டேன். புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க.”

மாமா “பரவாயில்லீங்க” என்றார். தேவனூர்க்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது.

என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்த அக்காவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒன்றுதான் அதிசயமாக இருந்தது. அத்தனை குடம் ஊற்றிக் குளித்தவளின் தலையில் கனகாம்பரம் ஒரு இதழ்கூட நனையவில்லை. கூந்தல் காய்ந்தே இருந்தது. இதை அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா அரிக்கேனைச் சட்டென்று கீழே இறக்கினாள். “மாமங்கிட்ட சொல்லிப்போடாத” என்றாள்.

பல்பு எரிந்தால் போதும் என்று பேசியவர்கள் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்க, என்னைப் பெண் பார்க்க ஆள் வர வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், தேவனூர்க்காரர்கள் பூ நனையாமல் குளிக்கத் தெரிந்தவர்கள் என்பதுதான். மறுநாள் ஓடையில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நானும் குளித்துப் பார்த்தேன். முதல் குடத்திலேயே நனைந்துவிட்டது.